பெட்டியில் ஒரு எண், மிக்சியில் வேறு எண்: ரீஃபண்ட் மறுக்கப்பட்ட ஒரு வழக்கின் முழு ஆய்வு

திருநெல்வேலியில் ஒரு வீடு. ஆன்லைன் சந்தைத் தளம் ஒன்றில் 750 வாட் மிக்சி, மூன்று ஜார், விலை 4,299 ரூபாய். கிரெடிட் கார்டுக்கான உடனடித் தள்ளுபடி 400 போக, கட்டியது 3,899. வந்து இறங்கிய பெட்டி புதியதுதான், பிராண்டும் சரிதான். உள்ளே இருந்ததோ யாரோ அரைத்துப் பழகிய 500 வாட் மிக்சி. ரிட்டர்ன் கேட்டதும் முதலில் எடுக்க மறுத்தார்கள். பிறகு எடுத்துக்கொண்டு போய், “நீங்கள் வேறு பொருளைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்” என்று ரீஃபண்டை மறுத்தார்கள். மிக்சியும் போயிற்று, பணமும் போயிற்று.

இது தனி ஒருவரின் வழக்கு அல்ல. பொருள் மாறினாலும் ஒரே தடத்தில் ஓடுகிற புகார்களைச் சேர்த்து ஒரு மாதிரி வழக்காகக் கட்டியிருக்கிறோம். இதில் வரும் தொகை, எடை, நாள்கணக்கு விளக்கத்துக்காக வைத்தவை. சட்டம், காலக்கெடு, கட்டணம் எல்லாம் நடைமுறையில் உள்ளவை.

இந்த வகைப் புகார் ஏன் சிக்கலாகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கியவரின் குறை, பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் பொருளில் இருக்கும் சீரியல் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்பது. ரிட்டர்ன் எடுக்க வருபவரின் ஆப் பொருளை ஏற்க வைத்திருக்கும் சோதனையும் அதே எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதுதான். ஆக, எது புகாரோ அதுவே நிராகரிப்புக்கும் காரணமாகிவிடுகிறது. இது புரியாமல் கஸ்டமர் கேரில் எத்தனை முறை சண்டை போட்டாலும் வட்டம் சுற்றி அதே பதிலுக்குத்தான் வரும்.

பெட்டி வந்த நாள்

டெலிவரி ஆனதாக எஸ்.எம்.எஸ். வந்தது காலை 11:42-க்கு. பெட்டியைத் திறந்து எடுத்த முதல் போட்டோவின் நேரம் 12:05. இந்த 23 நிமிட இடைவெளி பின்னால் பெரிய உதவியாக வந்தது. அன்பாக்சிங் வீடியோ எடுக்கவில்லை. “வீடியோ இல்லையென்றால் புகாரே கிடையாது” என்று விற்பனையாளர்கள் எழுதி வைப்பது வழக்கம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இலோ, அதன் கீழ் வந்த மின்வணிக விதிகள் 2020-இலோ அப்படியொரு நிபந்தனை இல்லை. எடுத்திருந்தால் நல்லது, அவ்வளவுதான். எடுப்பதானால் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: கூரியர் லேபிளில் உள்ள எண் படிக்கிற மாதிரி, பெட்டியின் ஆறு பக்கமும், டேப்பை அறுப்பதும், பொருளை வெளியே எடுத்துக் கவிழ்த்து அடித்தட்டைக் காட்டுவதும் இடையில் நிறுத்தாமல். மூன்று நிமிடம் போதும். நடுவில் ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்கிய வீடியோவால் பெரிதாகப் பயன் இல்லை.

இங்கே கையில் இருந்தவை போட்டோக்கள். அவற்றில் மூன்று முக்கியமானவை. மிக்சியின் அடியில் நான்கு ரப்பர் பாதங்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் ரேட்டிங் பிளேட் ஒன்று: 500 W என்பதும் சீரியல் எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. மோட்டார் மேல் ஜார் பொருந்தும் பல்லுள்ள பாகமான கப்ளர் இரண்டாவது. புது மிக்சியில் அதன் பற்கள் கூர் மழுங்காமல் இருக்கும். இதில் மூன்று பல்லின் விளிம்பு தேய்ந்து வளைந்திருந்தது. மூன்றாவது, சட்னி ஜாரின் அடிப்பகுதி. பிளேடு சுழலும் புஷ்ஷைச் சுற்றி மஞ்சள் கறை காய்ந்து ஏறியிருந்தது. கழுவினாலும் அந்த இடுக்கிலிருந்து மஞ்சள் போகாது என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். பொருள் பழையது என்று காட்ட இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

போட்டோக்களை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. வாட்ஸாப் படத்தைச் சுருக்கும்போது எடுத்த தேதி, நேர விவரமும் கழன்றுவிடும். மூலப் படம் போனிலேயே இருக்கட்டும், ஒரு பிரதி மெயிலில் இணைப்பாகப் போகட்டும்.

இன்னொன்றும் செய்தார்கள். பெட்டியை அப்படியே தெருமுனை மளிகைக் கடைக்கு எடுத்துப்போய் எலக்ட்ரானிக் தராசில் வைத்தார்கள். 4.150 கிலோ. கூரியர் லேபிளில் அச்சாகியிருந்தது 5.2 கிலோ. லேபிளில் இருப்பது பெரும்பாலும் விற்பனையாளர் தாமே பதிந்த எடை. ஆனால் கூரியர் நிறுவனங்கள் வழியில் உள்ள மையங்களில் பெட்டியை நிறுத்துப் பதிவு செய்வதும் உண்டு. அந்தப் பதிவில்தான் இந்த வழக்கின் முடிச்சு இருந்தது. அது பின்னால் வரும்.

ரிட்டர்ன் காரணம் என்ற சின்னப் பொறி

ஆப்பில் ரிட்டர்ன் கேட்கும்போது ஒரு பட்டியல் விரியும்: வேண்டாம் என்று மனம் மாறியது, பொருள் வேலை செய்யவில்லை, உடைந்து வந்தது, வேறு பொருள் வந்தது, பாகம் குறைகிறது. முதல் முறை இங்கே தேர்ந்தெடுத்தது “வேலை செய்யவில்லை”. மிக்சி சத்தம் அதிகமாகப் போட்டதால் அப்படிப் போட்டார்கள். அதனால் இரண்டு கேடு. ஒன்று, அந்தக் காரணத்துக்கு டெக்னீஷியனை அனுப்புவோம் அல்லது மாற்றுப் பொருள் தருவோம், ரீஃபண்ட் கிடையாது என்பது அந்தத் தளத்தின் கொள்கை. இரண்டு, பிக்அப் ஆப் அதைச் “சரியான பொருள், ஆனால் பழுது” என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே வீட்டு வாசலில் எண்ணைச் சரிபார்க்கச் சொல்கிறது. எண் பொருந்தாததால் பிக்அப் ரத்தாகிறது.

வாசலில் நடந்த பேச்சு இவ்வளவுதான்:

“அக்கா, நம்பர் மேட்ச் ஆகல. ஆப்ல எடுக்க விடமாட்டேங்குது.”

“சரி தம்பி. என்ன காரணம்னு போட்டு கேன்சல் பண்றீங்களோ அந்த ஸ்க்ரீனைக் கொஞ்சம் காட்டுங்க, போட்டோ எடுத்துக்கிறேன்.”

அந்தத் தம்பிக்கு இதில் முடிவெடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. கேள்விக்கு ஒரு “இல்லை” விழுந்தாலே ஆப் மூடிக்கொள்ளும். அவரோடு சண்டை போடாமல் அந்தத் திரையைப் படமெடுத்தது இந்த வழக்கில் நடந்த மிகச் சரியான காரியம். எண் பொருந்தவில்லை என்று நிறுவனத்தின் கருவியே, நிறுவனத்தின் ஆளின் கையில், வாசலில் வைத்துப் பதிவு செய்திருக்கிறது. பொருள் இன்னும் வீட்டை விட்டுப் போகவே இல்லை என்ற நிலையில் எழுந்த பதிவு அது.

அன்றே பழைய கோரிக்கையை ரத்து செய்து, “வேறு பொருள் வந்துள்ளது” என்ற காரணத்தில் புதிதாகப் பதிந்தார்கள். ரிட்டர்ன் கெடு டெலிவரி ஆன நாளிலிருந்து எண்ணப்படும், பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அல்ல. ஏழு நாள் கெடுவில் இது ஐந்தாம் நாள். ஊருக்குப் போய்வந்து பிரிக்கலாம் என்று வைத்திருப்பவர்கள் பலர் இங்கேதான் தோற்கிறார்கள்.

ஏழாம் நாள் இரண்டாவது பிக்அப். இந்த முறை எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஓ.டி.பி. விஷயத்தில் கவனம் தேவை. பிக்அப் ஓ.டி.பி.யைச் சொன்ன கணத்தில் பொருள் ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவாகிவிடும். அதனால் பையில் போட்டு, சீல் வைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்கேன் செய்த பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும். பையின் சீல் எண், ரிட்டர்ன் ஸ்டிக்கரின் டிராக்கிங் எண், பைக்குள் போகும் மிக்சியின் ரேட்டிங் பிளேட், இந்த மூன்றும் ஒரே படத்தில் வந்தால் உத்தமம். இங்கே இரண்டு படமாக எடுத்தார்கள்.

மறுப்பு, அதற்குக் கொடுத்த பதில்

பன்னிரண்டாம் நாள் மெயில் வந்தது: தங்கள் கிடங்கில் சோதித்ததில் அனுப்பிய பொருளும் திரும்பி வந்த பொருளும் வேறு என்று தெரியவந்ததால் ரீஃபண்ட் இல்லை. கூடவே, “நல்லெண்ணத்தில்” 1,000 ரூபாய் கூப்பன்.

கூப்பனை வாங்கவில்லை. வாங்கி “ஏற்கிறேன்” என்று ஒரு சொடுக்குப் போட்டுவிட்டால் விவகாரம் சமரசமாகிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாட இடமாகும். தளத்தின் வாலட்டில் பணத்தைப் போடுகிறோம் என்றாலும் இதே எச்சரிக்கை. பணம் எந்த வழியில் போனதோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்று எழுத்தில் கேட்பதே சரி.

அடுத்த மெயில் கஸ்டமர் கேருக்கு அல்ல, குறைதீர் அலுவலருக்கு. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் இப்படி ஒரு அலுவலரை நியமித்து, அவருடைய பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தன் தளத்தில் போட வேண்டும் என்கிறது மின்வணிக விதிகளின் 4-ஆம் விதி. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. முகப்புப் பக்கத்தில் தேடினால் கிடைப்பது அரிது. பயன்பாட்டு விதிமுறைகள் பக்கத்தின் அடியில் இருக்கும்.

கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி அழைக்கவே கூடாது. போலி கஸ்டமர் கேர் எண்கள் அங்கேதான் வலை விரித்திருக்கின்றன. ரீஃபண்ட் அனுப்புகிறோம், திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்குங்கள், யு.பி.ஐ. பின் போடுங்கள் என்றால் அது மோசடி. பணம் வாங்க பின் தேவையே இல்லை. அப்படி ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

மெயிலில் உணர்ச்சிக்கு இடமே தரவில்லை. முதல் பத்தியில் ஆர்டர் எண், தேதி, தொகை, டிக்கெட் எண்கள். இரண்டாம் பத்தியில் நடந்தவை நாள்வாரியாக ஐந்து வரி. மூன்றாவதில் இப்படி:

“நான் வேறு பொருளைத் திருப்பியதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் கீழ்க்கண்டவற்றை அனுப்பவும். அனுப்பும்போது உங்கள் தரப்பில் பதிந்த சீரியல் எண். கிடங்கில் திரும்பி வந்த பொருளின் படங்கள். எனக்கு டெலிவரி ஆகும் முன் கூரியர் மையங்களில் பதிவான பெட்டியின் எடை. ரிட்டர்ன் பயணத்தில் பதிவான எடை. மேலும், 5-ஆம் விதியின்படி விற்பனையாளரின் முழு முகவரியும் மெயில் முகவரியும் தரவும்.”

இந்த நான்கு கோரிக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. செல்போன் என்றால் இன்வாய்சிலேயே ஐ.எம்.இ.ஐ. எண் அச்சாகிவிடும், வழக்கு பாதி முடிந்துவிடும். மிக்சிக்கு அப்படி இன்வாய்சில் எண் வருவது வழக்கமில்லை. அனுப்பிய எண்ணை விற்பனையாளர் பதியவே இல்லை என்றால், திரும்பி வந்தது “வேறு” என்று எதை வைத்துச் சொல்கிறார்? எடை இன்னும் அழுத்தமானது. டெலிவரிக்கு முன் மையத்தில் பதிவான எடை 4.1 கிலோ சுற்றுவட்டாரத்தில் இருந்தால், பெட்டி வாங்கியவரின் கைக்கு வருவதற்கு முன்பே உள்ளே இருந்தது இந்த மிக்சிதான். வீட்டில் மாற்றியிருக்க வழியே இல்லை.

மிக்சி பிராண்டின் சேவை மையத்துக்கும் ஒரு மெயில் போனது: இந்த சீரியல் எண் எந்த மாடல், எப்போது தயாரானது? 500 வாட் மாடல், இரண்டு வருடத்துக்கு முந்தையது என்று பதில் வந்தது. இது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். “உங்கள் வீட்டுப் பழைய மிக்சியைப் போட்டிருப்பீர்கள்” என்ற வாதத்தை இந்தப் பதில் உடைக்காது. முதல் பிக்அப் ரத்தான திரையின் படமும் எடையும் சேர்ந்தால்தான் அது உடையும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீட்டி எழுதாமல் ஒரு பத்தி மட்டும் சேர்த்தார்கள். பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரப்படுத்திய தன்மையில் இல்லாவிட்டாலும் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது 6-ஆம் விதி. “மாற்றுப் பொருள் மட்டும்” என்று தளத்தின் கொள்கையில் எழுதியிருப்பது இதை மீறி நிற்காது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்று, ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணம் தர மறுப்பது சட்டத்தின் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறை.

1915

பதினான்காம் நாள் ஒப்புகை வந்தது, டிக்கெட் எண்ணோடு. பத்தொன்பதாம் நாள் பதில்: “எங்கள் கொள்கைப்படி முடிக்கப்பட்டது.” கேட்ட நான்கில் ஒன்றுக்கும் விடை இல்லை. இந்த மௌனத்தைத் தோல்வியாகப் பார்க்க வேண்டாம். எழுத்தில் கேட்டும் தரவில்லை என்பது அடுத்த கட்டத்துக்கு நல்ல சரக்கு.

அன்றே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தார்கள். காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. இணையதளத்திலோ 8800001915 என்ற வாட்ஸாப் எண்ணிலோ அரசின் உமாங் ஆப்பிலோ கூடப் பதியலாம். இணையத்தில் பதிவதே மேல், ஏனென்றால் ஆவணங்களை அங்கேயே இணைக்கலாம். போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் சுருக்கி எழுதுவதுதான் நிறுவனத்துக்குப் போகும். “மிக்சி வேலை செய்யவில்லை” என்று சுருங்கிவிட்டால் மறுபடி டெக்னீஷியன் கதைதான்.

இந்த உதவி எண்ணுக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. வழக்குக்கு முந்தைய கட்டத்தில் நிறுவனத்திடம் கொண்டுபோய் பதில் வாங்கித் தரும் இடம் இது. ஆனாலும் பெரிய தளங்களில் 1915 புகார்களைக் கவனிப்பது சாதாரணச் சாட் ஆட்கள் அல்ல. கோப்பைத் திறந்து பார்த்து முடிவு மாற்றக்கூடியவர்கள். முதல் பதில் அங்கேயும் அச்சுப் பிரதியாகத்தான் வந்தது. பதில் திருப்தியில்லை என்று பதிந்து, கேட்ட நான்கும் கிடைக்கவில்லை என்று இரண்டே வரி எழுதி, ரத்தான பிக்அப் திரையின் படத்தை மறுபடி இணைத்தார்கள். பலர் முதல் பதிலைப் பார்த்ததும் விட்டுவிடுகிறார்கள். அப்படியே விட்டால் புகார் முடிந்ததாகிவிடும்.

வங்கி, ஆணையம்: தயார் நிலையில்

கார்டில் கட்டியதால், கார்டு தந்த வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் என்ற வழி திறந்தே இருந்தது. “பொருள் விவரித்தபடி இல்லை” என்ற வகைக்கு விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் கெடு. பொருளைத் திருப்பித் தந்ததற்கோ தர முயன்றதற்கோ ஆதாரம் கேட்பார்கள். குறைதீர் அலுவலரின் ஒரு மாதம் முடியும் முன்பே இதைத் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வங்கியில் தகராறு ஓடும்போது தளம் தன் பக்கக் கோப்பை நிறுத்தி வைப்பதும், கணக்கையே முடக்குவதும் நடக்கும். அதற்காக 120 நாளைத் தாண்டவும் விடக் கூடாது. யு.பி.ஐ.யில் கட்டியவர்கள் தங்கள் ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனையின் மேல் புகார் எழுப்பலாம், ஆனால் கார்டு அளவுக்கு வலு எதிர்பார்க்க முடியாது.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கான மனுவும் பக்கத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. விற்பனையாளர் வேறு மாநிலத்தில் இருந்தார். அதனால் கவலையில்லை. 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திருநெல்வேலியிலேயே, தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக்கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். விற்பனையாளரை முதல் எதிர்மனுதாரராகவும் தளத்தை இரண்டாவதாகவும் சேர்க்க வேண்டும். “நாங்கள் வெறும் இடைத்தரகர்” என்று தளம் ஒதுங்கப் பார்க்கும். ஆனால் இங்கே ரிட்டர்ன் கோரிக்கையை வாங்கியதும், பிக்அப் அனுப்பியதும், மறுப்பு மெயில் எழுதியதும் அந்தத் தளமே. அதை மனுவில் தேதியோடு எழுதினால் போதும்.

இழப்பீட்டுத் தொகையில் நிதானம் வேண்டும். 3,899 ரூபாய் மிக்சிக்கு ஐந்து லட்சம் மன உளைச்சல் கேட்டால் நியாயமான மற்ற கோரிக்கைகளின் எடையும் குறையும். கட்டிய தொகை, அதற்கு வட்டி, அலைச்சலுக்கு ஓர் அளவான தொகை, செலவுத் தொகை, இவை போதும். ஸ்க்ரீன்ஷாட்களை அச்செடுத்து இணைக்கும்போது மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழையும் சேர்த்துவிட வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி என்று சொல்லப்பட்டது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவில் வருகிறது.

மனு தாக்கலாகவில்லை. இருபத்தாறாம் நாள் 1915 வழியாக வந்த பதிலில் ரீஃபண்ட் ஒப்புக்கொள்ளப்பட்டது. கேட்ட எடை விவரம் கடைசி வரை தரப்படவில்லை. தொகை 3,899. “விலை 4,299 தானே” என்று வாங்கியவர் கேட்டார். 400 ரூபாய் அவர் கையிலிருந்து போகவே இல்லை, அது கார்டுத் தள்ளுபடி, எனவே 3,899 சரிதான். இதே இடத்தில் ரிட்டர்ன் கூரியர் செலவைக் கழித்திருந்தால் ஏற்கக் கூடாது. தவறான பொருளை அனுப்பியவர் தரப்பிலேயே அந்தச் செலவு நிற்க வேண்டும்.

ஒப்புக்கொண்டது ஒன்று, பணம் வருவது இன்னொன்று. “ரீஃபண்ட் செய்துவிட்டோம், புகாரை முடித்துக்கொள்ளுங்கள்” என்று இரண்டு முறை போன் வந்தது. ரீஃபண்டுக்கான ஏ.ஆர்.என். குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, அதை வங்கியிடம் கொடுத்துத் தேடச் சொன்னார்கள். முப்பத்தொன்றாம் நாள் கார்டு ஸ்டேட்மென்ட்டில் 3,899 வரவானது. அதன் பிறகுதான் 1915-இல் “தீர்ந்தது” என்று பதிந்தார்கள்.